மலைக்கு ஏறிய மிச்சப் பலகாரம்

அப்பு,

உன் கடிதமும், பெரியம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் விழாவில் படிப்பதற்காக நீ எழுதியிருக்கும் பேச்சும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. தமிழைத் திருத்தி அனுப்பும்படி கேட்டிருந்தாய். திருத்திவிட்டேன். இத்தனை வருஷம் அமெரிக்காவில் இருப்பவன் எழுதியது என்று பார்த்தால் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. ஒற்று விட்டுப்போன இடங்களைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. அதில் பிழையே இல்லை, நன்றாகவும் எழுதியிருக்கிறாய். அதைத்தான் என்னால் திருத்த முடியவில்லை. இந்தக் கடிதம் அந்தப் பத்திக்காக. இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். உன் மனைவி படிக்கட்டும். பிள்ளைகளுக்கு வாசித்துச் சொல். பெரியம்மாவின் பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் கொடு. நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நீ எழுதியது இது: “கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுத் தந்தவர் என் பெரியம்மா. நான் சிறுவனாக இருந்தபோது, தீபாவளிக்கு வந்த பலகாரங்களை எல்லாம் அவர் ஜீப்பில் ஏற்றிப் போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட அந்தப் பிள்ளைகளின் முகங்களை நான் இன்றும் மறக்கவில்லை.” இதை ஊர் கூடியிருக்கும் மண்டபத்தில் நீ படிக்கப் போகிறாய். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும், பேச்சு முடிந்ததும் பெரியம்மாவுக்கு என் கையால் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். “பழசை எல்லாம் மறந்திரும்மா” என்று கடைசியில் ஒரு வரி. எந்தப் பழசு என்று உனக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டாய்.

அதற்கு முன் உன் வீட்டு விஷயம். ஹாலோவீன் என்று ஒரு நாள் வருகிறது, அன்றைக்குப் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வருவார்கள், உன் மகளும் மகனும் ஆளுக்கொரு தலையணை உறை நிறைய வாங்கி வந்தார்கள் என்று எழுதியிருந்தாய். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து எழுதியதுதான் சந்தோஷமாக இல்லை. நாலு நாள் கழித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், நீயும் உன் மனைவியும் அந்த உறைகளைக் கவிழ்த்து, உங்களுக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு, மீதியை ஆபீசுக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டீர்கள். அங்கே எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சிரித்து எழுதியிருக்கிறாய். சாயங்காலம் உன் மகள் உறையைத் தேடி அழுதிருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் பெரியம்மா கதையைச் சொல்லியிருக்கிறாய். அவள் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள் என்கிறாய். பெண்ணுக்கு மூளை இருக்கிறது.

எல்லாப் பெற்றோரும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். இங்கேயும் செய்வார்கள். பிள்ளை தன் கைக்கு வந்ததைச் சேர்த்து வைத்திருந்தால் மூன்றாம் நாள் பெரியவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். எறும்பு வரும் என்பார்கள். பல் சொத்தையாகும், வயிற்றில் பூச்சி வைக்கும் என்பார்கள். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், நூறு தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது பல பேருடைய உதட்டோரத்தில் அந்தப் பலகாரத்தின் தூள் ஒட்டியிருக்கும். நான் உனக்குச் சொல்வது ஒன்றுதான்: கேட்டுவிட்டு எடு. கொடுக்க மாட்டேன் என்று அவள் சொன்னால் விட்டுவிடு. எறும்பு வந்தால் வரட்டும். அது அவளுடைய எறும்பு. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். கடைசி வரை படி.

உன் அப்பா போனது ஐம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். தோட்டத்தில் தங்கியிருந்த பதினைந்தாம் நாள் மலைக்காய்ச்சல் கண்டு கீழே இறக்கி வந்தார்கள். எட்டாம் நாள் முடிந்துவிட்டது. உனக்கு ஆறு வயது, எனக்கு இருபத்தெட்டு. அப்போது நாம் போடியில் பெரியப்பாவோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தோம். தோட்டத்தைப் பெரியப்பா பார்த்தார். வீட்டுச் சாவிக்கொத்து பெரியம்மாவின் இடுப்பில். என்னை அவருக்கு முதலிலிருந்தே பிடிக்காது. மதுரையில் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்தவள், முள்கரண்டி பிடிக்கத் தெரிந்தவள், சத்தமாகச் சிரிக்காதவள். “எங்க வீட்டுக்கு ஒரு தொரசாணி வந்திருக்கா, பாத்து நடங்க” என்று வேலைக்காரிகளிடம் சொல்வார், என் காதில் விழும்படி. உன் அப்பா இருந்தவரை அது கேலியாக இருந்தது. அவர் போன பிறகு அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த ஐப்பசியில் நம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் உன்னைத்தான் தேடினார்கள். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்று உன் தலையைத் தடவி, உன் மடியில்தான் வைத்தார்கள். சிலமலையிலிருந்து என் சித்தப்பா ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் கொண்டுவந்தார். அப்பாவோடு பழகிய ஏலக்காய் வியாபாரி ஒருவர், மதுரையில் வாங்கிய பளபளப்புக் காகித மிட்டாய்களை ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பொருவிளங்காய் உருண்டை, ரவா லட்டு, மைசூர்பாகு, முறுக்கு என்று மூன்று நாளில் உன் பங்குக்கு ஒரு கடை சேர்ந்துவிட்டது. பெரியம்மாவின் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு முறுக்கு கிடைத்திருந்தால் அதிகம். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போதே சொன்னார்:

“என்ன செய்ய ஆத்தா, எம் புள்ளைகளுக்கு அப்பன் உசுரோட இருக்காரு. அதான் ஊருக்காரவுக கண்ணுக்குத் தெரியல.”

நான் காபி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். உணவு மேசையிலும் துக்க வீட்டிலும் குரலை உயர்த்தக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

நீ எதையும் தின்னவில்லை, அப்பு. அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஜன்னல் படியில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குவாய். லட்டு ஒரு பக்கம், உருண்டை ஒரு பக்கம், காகித மிட்டாய்கள் நிறம் பிரித்து ஒரு பக்கம். சாயங்காலம் மறுபடி டப்பாவிலும் தூக்குச்சட்டியிலும் எடுத்து வைப்பாய். ஏன் தின்னவில்லை என்று கேட்டேன். “தின்னா தீந்துரும்ல” என்றாய். அப்பா போனதிலிருந்து நீ அவ்வளவாகப் பேசாமல் இருந்தாய். அந்த அடுக்கி வைக்கும் வேலையில்தான் கொஞ்சம் உன் முகம் தெளிந்திருந்தது. அதனால் நான் தடுக்கவில்லை.

ஐப்பசி என்றால் மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் காலம். தோட்டத்து ஆட்கள் தீபாவளிக்கென்று இறங்கி வர முடியாது. அதனால் தோட்டம் உள்ள வீடுகளில், தீபாவளிக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சிப்போன பலகாரத்தை மூட்டை கட்டி மலைக்கு அனுப்புவது போடியில் வழக்கம். மிஞ்சியது என்றால் உண்மையிலேயே மிஞ்சியதுதான். சிக்கு வாடை அடிக்கிற முறுக்கும், கல்லாகிப்போன அதிரசமும். பெரியம்மா மட்டும் அனுப்புவதோடு நிற்க மாட்டார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தானே மேலே போய், காலையில் ஆள்பேர் கூப்பிடும் களத்தில் நின்று, தன் கையால் கொடுப்பார். ஆட்கள் “தாயி” என்று கும்பிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காக அவர் உயிரோடிருந்தார் என்றுகூடச் சொல்லலாம். அந்த வருஷம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, ஆகவே மிச்சமும் இல்லை. வெறுங்கையோடு மலைக்குப் போக அவருக்கு மனமில்லை. மிச்சம் இருந்தது உன்னிடம் மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். உன் குரல் கேட்டுக் கூடத்துக்கு வந்தேன். பெரியம்மா தரையில் வேட்டியை விரித்து உன் தூக்குச்சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நீ பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“அது என்னோடது பெரியம்மா.”

“ஒன்னோடதுதான்டா அப்பு, ஆரு இல்லேன்னா? அஞ்சு நாளா வரிசை வச்சு வரிசை வச்சு எடுக்குறியே, ஒண்ணாச்சும் தின்னியா? எறும்பு வந்து மொய்க்கப் போகுது. மலையில எத்தன புள்ளைக வாயப் பாத்துக்கிட்டுக் கெடக்கு!”

“அண்ணன் ஒரு கை அள்ளிட்டுப் போயிட்டான்.”

“எம் மூத்தவன் எடுத்தா என்ன? நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அவன்தானடா ஓடி வரணும். டப்பாவக் கொண்டா இங்கிட்டு.”

மூடியையும் பிடுங்கிவிட்டார். நீ அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாய். நான் நாலே எட்டு வைத்து அந்த வேட்டியை உருவியிருக்கலாம். “அவன் பொருளைத் தொடாதீர்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் முதல் தவறு. அடைக்கலத்தில் இருக்கிறவள் என்ற பயம் பாதி. மீதிப் பாதி பயமே இல்லை. அந்த நிமிஷத்தில் என் மனம் ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தது. வீட்டுக்குள்ளே நாலு சுவருக்கு நடுவில் சண்டை போட்டால் அவர் ஜெயித்துவிடுவார், அவரை ஜெயிக்க வேண்டிய இடம் வேறு என்று தோன்றிவிட்டது.

“அக்கா, இப்பிடியே மூட்டையாக் கொண்டுபோனா மலைப்பாதையில நொறுங்கிப் போகும். நான் பொட்டலம் பொட்டலமாக் கட்டித் தர்றேன்” என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். “கட்டு ஆத்தா. படிச்ச கை, அம்சமா இருக்கும். நாளைக்கு வெரசாக் கெளம்பணும், இன்னைக்கே சோலிய முடிச்சுரு” என்றார்.

மத்தியானம் முழுவதும் கட்டினேன். பழைய பத்திரிகைத் தாளில் ஒரு அதிரசம், ஒரு உருண்டை, இரண்டு மிட்டாய், வாழைநாரால் ஒரு முடிச்சு. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு சீட்டு. என் கையெழுத்து உனக்குத் தெரியும். வரி கோணாமல், எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளி விட்டு, எல்லாச் சீட்டிலும் இதையே எழுதினேன்: “இது தகப்பனை இழந்த பிள்ளைக்கு ஊரார் கொடுத்தது. அவன் தரமாட்டேன் என்றபோது பிடுங்கியது.” முப்பத்தாறு சீட்டு. கை வலிக்கவில்லை. உன்னை நான் அப்போது தேடவும் இல்லை. நீ வெறும் ஜன்னல் படிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய் என்று பிற்பாடு வேலைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வருஷம் திரும்பாத விதவை வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்பார்கள். ஆனாலும் நான் வருகிறேன் என்றதும் பெரியம்மா ஆட்சேபிக்கவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில், நீயும் நானும் கூடையும் பின்னால். வளைவு வளைவாக ஏறும்போது உனக்குத் தலை சுற்றியது. உன்னை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஆனால் என் கண் முழுவதும் முன் சீட்டில் இருந்த கொண்டையின் மேல்தான் இருந்தது.

களத்தில் ஆட்கள் ஏற்கனவே கூடியிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்கள். உன்னை ஜீப்பிலேயே உட்கார வைத்துவிட்டு நான் கூடையை இறக்கிக் கொடுத்தேன். பெரியம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். “வாங்கிக்க ஆத்தா, நல்லா இருங்க, நல்லா இருங்க” என்று நீட்டி நீட்டிக் கொடுத்தார். நீ மறக்கவில்லை என்று எழுதியிருக்கும் காட்சியில் அவர் வரும் இடம் இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு பொட்டலம் போயிருக்கும். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி தன் பொட்டலத்தைப் பிரித்துச் சீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. நான் நம்பியிருந்ததும் அவரைத்தான்.

“எல்லாரும் சத்தம் போடாம இருங்கப்பா. உள்ளார சீட்டு இருக்கு. வீட்டுக்காரவுக வாழ்த்து எழுதி வச்சிருக்காக போல” என்று அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். “இது… தகப்பனை… இழந்த… பிள்ளைக்கு… ஊரார்… கொடுத்தது.” எல்லோரும் தலையாட்டினார்கள். “அவன்… தரமாட்டேன்… என்றபோது…” அந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியவில்லை, கடைசி வார்த்தையையும் படித்துவிட்டார்.

பொட்டலத்தைப் பிரித்திருந்தவர்கள் அதை மறுபடி மடித்தார்கள்.

“எந்தப் புள்ள?” என்று ஒரு பெண் கேட்டாள். பிறகு அவளே ஜீப்பைப் பார்த்தாள். “சின்ன மொதலாளி புள்ளயா?”

உன் அப்பாவை அவர்களுக்குப் பிடிக்கும். காய்ச்சலோடு அவரைக் கட்டிலில் வைத்து ரோடு வரை தூக்கி வந்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பெண் பொட்டலத்தைப் பெரியம்மாவின் காலடியில் வைத்தாள். “தகப்பனில்லாத புள்ள கையிலருந்து புடுங்குனதா தாயி? இது எங்க புள்ளைகளுக்குச் செரிக்குமா?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கேட்டாள். அடுத்து இன்னொருத்தி வைத்தாள். ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பி வந்தன. பெரியம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுத மாட்டேன். அது என்னுடைய சொத்து. நாற்பது வருஷமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், இன்னும் தேயவில்லை.

“எவடி எழுதுனது?” என்றார்.

“நான்தான் அக்கா. எழுத்துல தப்பு இருந்தாச் சொல்லுங்க.”

இந்த இடத்தோடு நிறுத்திவிட்டால் எனக்கு நன்றாக இருக்கும். என் மனதுக்குள் பல வருஷம் இந்த இடத்தோடுதான் நிறுத்திக்கொண்டிருந்தேன். உன் பேச்சில் பொய் இருக்கிறது என்று எழுத உட்கார்ந்துவிட்டு நான் பாதியைச் சொல்லக் கூடாது. அங்கே உன் வயதில் ஒரு சிறுமி இருந்தாள். சீட்டைப் படிப்பதற்கு முன்பே ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டுவிட்டாள். அவள் தாய் அவள் வாய்க்குள் விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்து, சேலையில் துடைத்து, மற்றவற்றோடு வைத்தாள். அந்தப் பிள்ளை தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. என் முகத்தையும் பார்த்தது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து பெரியம்மாவின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேனே தவிர, இந்தப் பிள்ளைகளுக்கும் வாய் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கங்காணிதான் வழி சொன்னார். “தாயி, அந்தப் புள்ளயவே எறக்கி விடுங்க. அது மனசாக் குடுத்தா வாங்கிக்கிறோம். இல்லேன்னா, மன்னிக்கணும், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க.” அவரே போய் உன்னைத் தூக்கி வந்து கூடை பக்கத்தில் நிறுத்தினார். குனிந்து, “மனசாத்தான் குடுக்குறியா அப்பு?” என்று கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். முதல் நாள் பார்த்தாயே, அதே பார்வை. “இது அவனுடையது, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்” என்று நான் சொல்லியிருந்தால், அவர்கள் அத்தனை பேரும் சரி என்று ஒதுங்கி வழி விட்டிருப்பார்கள். உன் பலகாரம் உனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். ஜன்னல் படியில் அடுக்கியிருப்பாய். ஆனால் பெரியம்மா அங்கே இன்னும் கொஞ்ச நேரம் அப்படி நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவர் கையிலிருந்து வாங்க மறுத்தவர்கள் உன் கையிலிருந்து வாங்குவதை அவர் கடைசிப் பொட்டலம் வரை பார்க்க வேண்டும். நான் உன்னைப் பார்த்துத் தலையசைத்தேன். நீ “ஆமா” என்றாய்.

கொடுத்தாய். தாராளமாகக் கொடுக்கவில்லை. மூக்கு ஒழுக, அழுதுகொண்டே, ஒவ்வொன்றையும் விடுவதற்கு முன்னால் ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டுக் கொடுத்தாய். அந்தச் சிறுமியும் வந்து வாங்கிக்கொண்டாள். முப்பத்தாறும் தீர்ந்தன. உனக்கென்று ஒன்றை எடுத்து வைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பெரியம்மா உன்னிடமிருந்து ஒரு தடவை பிடுங்கினார். நான் உன் கையாலேயே இரண்டாம் தடவை பிடுங்கினேன். அவர் பிடுங்கியபோதாவது நீ அது உன்னுடையது என்று சொன்னாய். நான் செய்தபோது அதைச் சொல்லக்கூட உனக்கு இடம் கொடுக்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டு எழுதாதே. யோசித்து எழுது.

இப்போது உன் பத்திக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகளின் முகங்களை மறக்கவில்லை என்கிறாய். மறந்திருக்க முடியாது. அவ்வளவு பக்கத்தில் அவற்றைப் பார்த்தவன் நீ ஒருவன்தான், ஏனென்றால் கொடுத்தவன் நீ. ஆறு வயதுப் பிள்ளையின் நினைவில் ஜீப்பும் மலையும் மிட்டாயும் தங்கிவிட்டன, நடுவில் இருந்தது கழன்றுவிட்டது. கழன்ற இடத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒருவரை நிறுத்திவிட்டாய். நிறுத்தியது நீ மட்டும் இல்லை. அந்த வீட்டிலும் இந்தக் கதையை இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். அடுத்த வருஷத்திலிருந்து பெரியம்மா மிச்சத்தை மலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் புதிதாகச் சுட்ட பலகாரம், கூடை கூடையாக. ஊரெல்லாம் அதைத்தான் புகழ்கிறது, விழா எடுப்பதும் அதற்காகத்தான். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தானே போய்க் கொடுப்பதை மட்டும் அந்த வருஷத்தோடு விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு முழங்கால் வலி என்றார். நாற்பது வயதில் ஆரம்பித்த முழங்கால் வலி.

அந்தக் கார்த்திகைக்குள் அடுப்பு பிரிந்தது. தையில் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு இரண்டு அறை வீட்டுக்கு வந்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வீட்டிலிருந்து ஒரு குண்டூசி கேட்டதில்லை. ஆனால் ஒன்று செய்து வந்திருக்கிறேன், உனக்கும் தெரியாமல். வருஷா வருஷம் தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை, ஒரே ஒரு அதிரசத்தைப் பத்திரிகைத் தாளில் மடித்து, வாழைநாரால் கட்டி, பெரியம்மாவுக்கு அனுப்புவேன். சீட்டு வைப்பதில்லை. ஒரு வருஷமும் தவறியதில்லை. எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த வருஷம்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக் கட்டி அனுப்பினேன். அவர் ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பியதில்லை, வாங்கிக்கொண்டேன் என்று சொல்லி விட்டதும் இல்லை. என்ன செய்கிறார் என்று அந்த வீட்டுச் சமையல்காரியிடம் ஒரு முறை விசாரித்தேன். “பிரிக்கவே மாட்டாகம்மா. அலமாரி மேல வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பாக. பெறகு எறும்பு வந்ததும் தூக்கிப் போடச் சொல்லுவாக” என்றாள். அன்றைக்கு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

இது நல்ல குணம் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னைப் படிக்க வைத்த கன்னியாஸ்திரீகளுக்குத் தெரிந்திருந்தால் முழங்கால் போடச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்த மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டேன், இந்த ஒன்று மட்டும் எனக்கு வரவில்லை. வயதானால் தானாகக் கரையும் என்று நினைத்தேன். கண் மங்கியிருக்கிறது, காது பாதி போய்விட்டது, இது மட்டும் அப்படியே இருக்கிறது. உனக்கும் இது ரத்தத்தில் இருக்கலாம். யார் மேலாவது கோபம் வந்தால் அன்றைக்கே, அங்கேயே, அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப்போட்டு அழகாகப் பொட்டலம் கட்டாதே. வழியில் நிற்கிற வேறு யாராவது அதைப் பிரித்துவிடுவார்கள்.

விழாவுக்கு நான் வருகிறேன். அழைப்பிதழ் கொண்டுவந்த உன் அண்ணனிடமும், பெரியம்மாவின் மூத்தவன்தான், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. பொன்னாடையைப் போர்த்த மாட்டேன், வேறு யாரையாவது பார். முன் வரிசையில் உட்காருவேன். கைத்தடியோடு வருவேன், ஆனால் எழுந்து நிற்க எனக்கு இன்னும் யார் தோளும் வேண்டாம். குரலும் கடைசி வரிசைக்குக் கேட்கும், வகுப்பறையில் பழகியது.

உன் பேச்சைத் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஒரு பத்திக்கு மட்டும் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தவன் நீ, உன் வார்த்தையில் நீயே எழுது. பெரியம்மாவை நீ திட்ட வேண்டாம், ஒரு கெட்ட வார்த்தை வேண்டாம். என்ன நடந்ததோ அது போதும். யார் பலகாரம், யார் எடுத்தது, யார் சீட்டு எழுதியது, யார் கொடுத்தது. நீ அப்படிப் படித்தால் நான் வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். இனி வரும் தீபாவளியிலிருந்து சனிக்கிழமைப் பொட்டலத்தையும் நிறுத்திவிடுவேன். இல்லை, பழைய பத்தியைத்தான் படிப்பேன் என்றால் படி, அது உன் இஷ்டம். நீ முடித்ததும் நான் எழுந்திருப்பேன். ஊர் முன்னால் நின்று அந்தச் சிறுமியின் வாயில் விரல் போனதையும், நான் தலையசைத்ததையும் சேர்த்து, என் பங்கை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர் பங்கைச் சொல்வேன். எனக்கு அதில் கூச்சம் இல்லை. எண்பது வயதில் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருப்பவர் அவர், நான் இல்லை.

அம்மா